வரியோடிய கருங்காலி

சமையல் கத்தி செய்யச் சொல்லி வருகிறவர்கள் இரும்பைப் பற்றித்தான் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். பிடிக்கு என்ன மரம் என்று கேட்டால், பார்க்க நன்றாக இருந்தால் சரி என்பார்கள். நான் இருபத்திரண்டு வருடமாகக் கத்திக்குப் பிடி போடுகிறேன் ஐயா. குறை சொல்லிக்கொண்டு ஒருவரும் திரும்பி வந்ததில்லை.

என் தம்பி சமையல்காரன். சொந்தக் கடை திறக்கிறேன், கத்தியை நீதான் செய்துதர வேண்டும் என்று பட்டறைக்கு வந்தான். மேஜைமேல் இரண்டு துண்டு கருங்காலி கிடந்தது. ஒன்று வெறும் கறுப்பு. இன்னொன்றில் பழுப்பு வரிகள் ஓடின. தம்பி அதைத்தான் எடுத்தான்.

"இதையே போடுண்ணே. தாங்குமில்ல?"

"பார்த்துச் சொல்றேன்" என்றேன்.

அவன் போனதும் பார்த்தேன். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் நல்ல மரம் சீராகக் காய்ந்துவிடும். உள்ளே வெடிப்பு இருந்தால் அந்த இடம் மட்டும் மயிரிழைபோல ஈரமாக நிற்கும். நின்றது. துண்டை விறகுப் பக்கம் ஒதுக்கிவைத்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: முதலில் ஒதுக்கித்தான் வைத்தேன்.

அன்று என் மகளின் மாமனார் வீட்டார் சாப்பிட வந்திருந்தார்கள். சமையல் தம்பியுடையது. ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். "அண்ணன் பிடி போடுவாரு, பேரை நான் வாங்கிக்குவேன்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. நானும் சிரித்தேன்.

மறுநாள் அந்த வெடிப்பில் பசையையும் மரத்தூளையும் அடைத்தேன். தம்பியின் கத்தியில் பூட்டி மெழுகு தேய்த்தபின் எனக்கே இடம் தெரியவில்லை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அந்த நேர்த்தியைப் பார்த்துப் பெருமைப்பட்டேன். கையில் ஒரு கீறல் விழும், பத்து நாள் கடையை மூடுவான், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முழுப் பலத்தோடு அழுத்தும்போதுதான் அது பிளக்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

கடை திறந்த நான்காம் நாள் எலும்பு வெட்டும்போது பிளந்தது. அலகு கைக்குள்ளேயே திரும்பிவிட்டது. வலது கையில் மூன்று விரல்கள் இனி மடங்காது என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரியில் தம்பி என்னிடம் மன்னிப்புக் கேட்டான்.

"கத்திய தண்ணித் தொட்டியிலயே ஊறப்போட்டுட்டேண்ணே. உன் வேலைய நான்தான் கெடுத்துட்டேன்."

கூனிக் குறுகிப்போனேன். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "படிச்சுப் படிச்சுச் சொன்னேனேடா, தண்ணியில போடாதேன்னு" என்று வந்தது. நான் அப்படிச் சொன்னதே இல்லை. சொன்னதாக நினைத்து அவன் தலையாட்டினான். "அவரைத் திட்டாதீங்க மாமா" என்று அவன் மனைவி கெஞ்சினாள்.

ஆறு மாதமாகச் சோறு இறங்கவில்லை. இடது கையால் அவன் வெங்காயம் நறுக்கப் பழகுவதைப் பார்க்க முடியவில்லை. தண்டனையை வாங்கிக்கொள்ள வேண்டும் என்றுதான் வந்திருக்கிறேன்.

நேற்று பேச்சுவாக்கில் அவனிடம் கேட்டேன். "நானே வேணும்னு செஞ்சிருந்தா என்னடா பண்ணுவே?"

"என்ன பண்ணுவேன், போலீசுக்கா போவேன்? நீ என் அண்ணன்" என்று சிரித்தான். அப்படியே ஒரு புகார் வந்தாலும் தன் தப்புதான் என்று எழுதிக்கொடுத்துவிடுவானாம்.

அதைக் காதால் கேட்ட பிறகுதான் ஐயா, இன்று காலையில் கிளம்பி இங்கே ஸ்டேஷனுக்கு வந்தேன்.