தேநீர்க் குழு

மலைத்தேநீரை ஆறவிட்டால் மருந்து போலக் கசக்கும். எங்கள் கிரீட் தீவில் இது எல்லோருக்கும் தெரியும். பேராசிரியர் மனூசோஸ் மட்டும் காபி தவிர வேறெதுவும் குடிக்காதவர்.

அவருடைய ஆய்வகத்தில் நான் உதவியாளர். எங்கள் பாறைகளில் வளரும் திக்தமோ செடியின் சாறு, மணல் ஈ பரப்பும் காலா அசார் காய்ச்சலின் ஒட்டுண்ணியைக் கண்ணாடித் தட்டில் கொன்றுவிடுகிறது என்று கண்டுபிடித்தது நான்தான். கூட்டத்தில் அதைச் சொன்னபோது அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"சாறு ஊத்தாத தட்டு எங்கம்மா?"

அப்படி ஒன்றை நான் வைக்கவில்லை.

"ஒப்பீடு இல்லாம செஞ்சா அதுக்குப் பேரு ஆராய்ச்சி இல்ல, சமையல். போய் வெங்காயம் நறுக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சொன்னது சரிதான்.

பிறகு அவருக்கே காலா அசார் வந்தது. வேட்டை நாய்கள் வளர்ப்பவர். மணல் ஈக்கு நாயும் ஒன்று, பேராசிரியரும் ஒன்று. ஆஸ்பத்திரி ஊசியில் குணமாகியிருக்கும். அவர் வேண்டாம் என்றார். தன் செடியாலேயே எழுந்து காட்டுவதாகச் சொல்லி, மருந்து கலக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். அதற்குள் அது அவருடைய செடியாகியிருந்தது.

நோயாளி ஒருவர்தான். அதற்காக ஒப்பீட்டை விட்டுவிட முடியாது. ஒரு பக்கம் ஆந்தையும் மறுபக்கம் எண்ணும் போட்ட எங்கள் யூரோ காசைச் சுண்டினேன். ஆந்தை விழுந்தால் செடி, எண் விழுந்தால் தேநீர். எண் விழுந்தது. நான் தேர்ந்தெடுக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர்.

அவர் வயிறு வீங்கியது. கைகால் குச்சியானது. மனைவி எர்கினா கட்டிலருகே உட்கார்ந்து, "ஆடு மேயுற செடிய நம்பி உயிர விடுறியே, மனூசோ. ஊசியப் போட்டுக்கோ" என்று கெஞ்சினார். கடைசியில் பேராசிரியரும் இறங்கிவந்தார்.

"ஊசி போட்டுக்கலாமாம்மா?"

அவர் என்னிடம் அனுமதி கேட்டது அதுதான் முதல் தடவை.

"போட்டா எதுல குணமாச்சுன்னு தெரியாமப் போயிடும், ப்ரொபசர். அப்புறம் இதுவும் சமையல்தான்."

அவர் கோப்பைக்குக் கையை நீட்டினார்.

நான் கொன்றேன் என்கிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கவில்லை. முடிவையும் சேர்த்து எழுதுங்கள்: தேநீர்க் குழுவில் எல்லோரும் இறந்தார்கள். செடிக் குழுவில் ஒருவர்கூட இறக்கவில்லை.

அந்தக் குழுவில் ஆளே இல்லையே என்கிறீர்கள். அந்தக் குறை எனக்கும் உண்டு. எர்கினாவுக்கும் காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறதாமே. என்னை வெளியே விட்டால், அவரைச் செடிக் குழுவில் சேர்த்துவிடுவேன்.