கழுத்தோடு நின்ற படம்

—ஏம்மா, இந்த ஸ்டூடியோவுல சிகரெட் பெட்டிக்குள்ள போடுற பட அட்டையை வெட்டுறது நீதானா? இதைப் பாரு! நான் வாரன் ஹேல். நியூயார்க் பூரா தெரிஞ்ச பேஸ்பால்காரன். மட்டை இருக்கு, தலை எங்க?

—கழுத்தோட நின்னிருக்குங்க.

—சிரிக்கிறியா? சிகரெட் பெட்டியைப் பிரிக்கிறவனெல்லாம் என்னை முண்டம்ங்கிறான்! நேத்து மைதானத்துல ஒருத்தன் முட்டைக்கோசை வீசி, "இந்தாப்பா உன் தலை"ங்கிறான்!

—நல்ல கோசா?

—கொழுப்பைப் பாரு! படம் எடுக்கிறப்ப நூல்ல கட்டித் தொங்கவிட்ட பந்தைப் பாத்துக்கிட்டு மரம் மாதிரி நின்னேனே, எதுக்கு? முகம் தெரியத்தானே!

—எல்லார் படத்தையும் ஒரே பலகையில குத்தி, மொத்தமா இன்னொரு படம் எடுப்பாங்க. அதை அட்டையில ஒட்டி என்கிட்ட தள்ளுவாங்க. வரிசை வரிசையா அறுக்கணும். கத்தி கொஞ்சம் நகர்ந்தா...

—யாருகிட்ட கதை விடுற? ஒரு வரிசைக்கு ஒரே வெட்டு. நகர்ந்திருந்தா பக்கத்துல நிக்கிறவன் தொப்பியும்ல போயிருக்கணும்? என் அட்டை மட்டும் குட்டையா இருக்கு. தனியா எடுத்து நறுக்கியிருக்க!

—ஆமா. நறுக்கினேன்.

—அடிப்பாவி! முதலாளிகிட்ட போறேன். இன்னிக்கே உன் வேலை காலி!

—போங்க, டெனிஸ்.

—...என்ன பேரு சொன்ன?

—டெனிஸ் கஃப்னி. ட்ராய் ஊர் ஆத்தங்கரையில கோட்டையும் பூட்ஸையும் கழட்டி வச்சுட்டு 'செத்துப்போன' டெனிஸ். நான் உன் பொண்டாட்டி நெல்லோட அக்கா, ஹொனோரா. கல்யாணத்தன்னிக்கே என் மூஞ்சியை நீ சரியாப் பாக்கலை. இப்ப எங்க ஞாபகம் இருக்கப்போகுது!

—ஓ... பழி வாங்குறியா? சரி, ஓடுனது தப்புதான். அதுக்காக என் பொழப்புல கத்தி வைப்பியா? நெல் இன்னும் அழுதுக்கிட்டா இருக்கா?

—அழுதா. கறுப்பு உடுத்தினா. வெறும் சவப்பெட்டியைப் புதைச்சு, மாதா கோயில்ல உனக்காகப் பூசை வச்சா. அப்புறம் ஒரு நல்லவன் வந்தான். கோயில்லயே கல்யாணம் நடந்தது. பொம்பளப் புள்ள ஒண்ணு இருக்கு.

—அதுக்கும் என் தலைக்கும் என்ன?

—அவன் குடிக்கிறது இந்த சிகரெட்டுதான். பெட்டியில வர்ற அட்டையை எல்லாம் நெல்தான் எடுத்து மகளுக்கு விளையாடக் கொடுக்கிறா.

—கொடுத்தா?

—ஒரு பெட்டியிலேருந்து உன் மூஞ்சி வெளிய வந்தாப் போதும்டா, அந்தக் கல்யாணம் செல்லாது. அந்தக் குழந்தைக்கு அப்பன் இல்லாமப் போயிடும்.