ஃபில்டரைத் தட்டக்கூடாது

டிகாஷன் இறங்கவில்லை என்று ஃபில்டரின் தலையில் தட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது, சார். தட்டினால் வேகமாக இறங்கும். ஆனால் இறங்குவது வெறும் கறுப்புத் தண்ணீர். வெந்நீரை ஊற்றி மூடிவிட்டு, அப்படி ஒன்று அடுப்படியில் இருப்பதையே மறந்து வேறு வேலையைப் பார்க்க வேண்டும். நான் எல்லாவற்றிலும் அப்படித்தான். நெல்லித்தோப்பில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சந்திரகலா பொறுமைசாலி என்றுதான் சொல்வார்கள்.

எங்கே தவறு நடந்தது என்று கேட்டீர்கள். ஒரு வருடத்துக்கு மேல் சொட்டுக்கூடத் தொடாத மனுஷன் எப்படி மறுபடியும் சாராயக்கடை வாசலில் போய் விழுந்தார் என்று கேட்பதற்காக, இந்த வெயிலில் உழவர்கரையிலிருந்து வண்டி ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். கேட்க வேண்டிய ஆள்தான் நீங்கள். அவரைக் குடியிலிருந்து எடுத்தவரும் நீங்கள்தானே. அவர் உள்ளே தூங்குகிறார், எழுந்திருக்க நேரமாகும். உட்காருங்கள், சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் மில்லில் வேலை பார்த்தபோதே குடித்தார். மில்லை மூடிய பிறகு குடிப்பதையே வேலையாகப் பார்த்தார். அடி, உதை, பாத்திரம் பறப்பது எல்லாம் உண்டு. அதையெல்லாம் விவரமாக நான் சொல்ல வேண்டியதில்லை, குடியை விட்டவர்கள் கூடுகிற உங்கள் கூட்டத்தில் அவரே சொல்லிவிட்டார். அதற்கு வருகிறேன். அவர் குடித்த காலத்தில் நான் எப்படி இருந்தேன் என்பது மட்டும் உங்களுக்குத் தெரியாது. எதிர்வீட்டு வேம்பு அக்கா கிண்ணத்தில் ரசம் ஊற்றிக்கொண்டு வருவார். என் அண்ணன் நாராயணசாமி அடிக்கடி வந்து அவர் சட்டையைப் பிடித்து உலுக்கிவிட்டு, என் தலையைத் தடவிவிட்டுப் போவார். கல்யாண வீடுகளில் கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வைப்பார்கள். "வேற எவளா இருந்தாலும் உட்டுட்டுப் போயிருப்பா" என்று என் காதில் விழும்படியே பேசிக்கொள்வார்கள். அடி வாங்கியவளுக்கு ஊர் கொடுக்கிற மரியாதை அது. எனக்கென்று வேறு எதுவும் இல்லாததால் நான் அதை வைத்துத்தான் வாழ்ந்தேன்.

அவரைத் திருத்த நான் செய்யாதது இல்லை. மயிலம் கோவிலுக்கு நடந்தே போனேன். மந்திரித்த கயிறு கட்டினேன். யாரோ கொடுத்த பொடியை அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்தேன். வாந்தி எடுத்தார், வாயைக் கொப்பளித்தார், மறுபடி குடிக்கப் போனார். ஆக, சாப்பாட்டில் ஒன்றைக் கலந்து கொடுப்பது எனக்குப் புதிது இல்லை. அப்போது அதற்காக எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பிறகு நீங்கள் ஒருநாள் டீக்கடை பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசினீர்கள். அப்படி என்ன பேசினீர்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா வீட்டுப் பிள்ளை, பிரெஞ்சு பென்ஷன் வாங்கிய குடும்பம், தேவதாஸ் சாரே ஒரு காலத்தில் குடித்து ரோட்டில் கிடந்தவராம் என்று வியந்துகொண்டே வீட்டுக்கு வந்தார். அத்தோடு நிறுத்திவிட்டார். நான் காலைப் பிடித்துக் கெஞ்சி நடக்காதது ஒரு டீயில் நடந்துவிட்டது. நான் சந்தோஷப்பட்டேன், சார். இல்லை என்று சொன்னால் பொய்.

இங்கே பக்கத்தில் மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலையும் கிடைத்தது. அங்கே கேட்டில் ஒரு மெஷின் வைத்திருக்கிறார்கள். வண்டி ஓட்டுகிறவர்கள் உள்ளே போகும் முன் ஊத வேண்டும். குடிக்காதவனுக்குப் பச்சை எரியும், குடித்தவனுக்குச் சிவப்பு. சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே, "இன்னிக்கும் பச்சதான் சந்திரா" என்பார். பள்ளிக்கூடப் பிள்ளை மார்க் சொல்கிற மாதிரி சொல்வார். வேம்பு அக்கா ரசம் கொண்டு வருவதை நிறுத்திவிட்டார். "ஒனக்கு இன்னாடி கொற, ராணி மாரி இருக்க" என்றார். அண்ணன் வந்தால் நேராக அவரிடம்தான் உட்கார்ந்து பேசுவார். நான் காபி கொண்டுபோய் வைத்துவிட்டு உள்ளே வருவேன். குடியை விட்டவர்கள் காபியைப் பிடித்துக்கொள்வார்கள் என்று நீங்கள்தான் சொன்னீர்கள், அது சரியாகத்தான் இருந்தது. எந்நேரமும் காபி கேட்பார்.

இதெல்லாம் எனக்குக் கசந்தது என்றால் பைத்தியக்காரி என்பீர்கள். அதனால் யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் கேக் வெட்டும் நாள் மட்டும் வராமல் இருந்திருந்தால், இந்தக் கசப்பையும் விழுங்கிக்கொண்டு இருந்திருப்பேன்.

குடியை நிறுத்தி ஒரு வருடம் ஆனதை உங்கள் கூட்டத்தில் பிறந்தநாள் என்கிறீர்கள். என்னையும் அண்ணனையும் கூப்பிட்டீர்கள். அரக்குப் புடவை கட்டிக்கொண்டு வந்தேன், ஞாபகம் இருக்கிறதா? இருக்காது. அன்று யாரும் என்னைப் பார்க்கவில்லை. அவர் எழுந்து நின்று பேசினார். அடித்ததைச் சொன்னார், தாலியை அடகு வைத்ததைச் சொன்னார். பிறகு, "எம் பொண்டாட்டி பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துதான் வயித்துப் புள்ள போச்சுன்னு ஊருக்கெல்லாம் சொல்லி வச்சிருக்கா. அவ வழுக்கல. நாந்தான் புடிச்சித் தள்ளுனேன்" என்றார்.

அதை என் அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை, சார். அம்மா செத்துப்போகும்போதும் பாத்ரூமில் வழுக்கியது என்றே நம்பிச் செத்தாள். அந்தப் பிள்ளைக்குப் பிறகு என் வயிற்றில் எதுவும் தங்கவில்லை. அந்தப் பொய் அவருடையது இல்லை, என்னுடையது. பிள்ளைக்குப் பதிலாக எனக்கு மிஞ்சியது அந்தப் பொய் ஒன்றுதான். அதை எடுத்து முன்பின் தெரியாதவர்கள் முன்னால் கொட்டினார். நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். நீங்கள்தான் முதலில் தட்டினீர்கள். தள்ளிய அன்றே விஷயம் தெரிந்திருந்தால் அவர் காலை உடைத்திருக்கக்கூடிய என் அண்ணன் எழுந்துபோய், "மாப்ள, இதச் சொல்றதுக்கு எவ்ளோ தைரியம் வேணும்" என்று கட்டிப்பிடித்து அழுதார். விழுந்தவள் நான், கைதட்டல் அவருக்கு. யாரோ ஒரு பெண் என் பக்கம் திரும்பி, கேக் எடுத்துக்கொள்ளச் சொன்னாள். எடுத்துக்கொண்டேன்.

"மனசு லேசாயிடுச்சி சந்திரா" என்று சொல்லிவிட்டு அன்றைக்குப் படுத்ததும் தூங்கிவிட்டார். ஒரு மனுஷன் அவ்வளவு சுலபமாக லேசாகக்கூடாது என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

நான் சமையல் வேலை பார்க்கிற உணவகம் பீச் பக்கத்தில் இருப்பது உங்களுக்குத் தெரியும். அங்கே பார் கவுன்ட்டரில் சரிதா என்று ஒரு பெண், காபியில் ஒரு காக்டெயில் போடுவாள். வெளியூரிலிருந்து வருகிற பிள்ளைகள் அதைக் கேட்டுக் கேட்டுக் குடிப்பார்கள். ஆறின டிகாஷன், சர்க்கரைப் பாகு, வோட்கா, ஐஸ் எல்லாவற்றையும் மூடிபோட்டுக் குலுக்கி ஊற்றினால் மேலே நுரை நிற்கும். "நாத்தமே வராதா?" என்று கேட்டேன். "வோட்காவுல இன்னாக்கா நாத்தம், மிச்சத்தக் காபி கசப்பு மறச்சிடும்" என்றாள். பாவம், தொழிலைச் சொன்னாள். அவளை இதில் இழுக்காதீர்கள்.

வீட்டில் நான் அதை அவசரமாக ஆரம்பிக்கவில்லை. முதலில் வெறும் குளிர்காபிதான் கொடுத்துப் பழக்கினேன். வெயில் காலம், சூடாக எதற்கு என்றேன். சிக்கரி தூக்கலாகப் போட்டு டிகாஷனை முன்தினமே இறக்கி ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். பனைவெல்லப் பாகு, ஒரு ஏலக்காய். பழைய ஊறுகாய் பாட்டிலில் ஊற்றி ஐஸ் போட்டுக் குலுக்குவேன். அவருக்கு அந்த நுரை ரொம்பப் பிடித்துப்போனது. பச்சையும் தினம் எரிந்துகொண்டிருந்தது. அந்த ருசிக்கு நாக்கு நன்றாகப் பழகட்டும் என்று விட்டு, அப்புறம்தான் வோட்கா சேர்த்தேன். நம்மூரில் பாட்டில் வாங்குவது உப்பு வாங்குவதைவிடச் சுலபம். முதலில் கொஞ்சம், பிறகு சரிதா போடுகிற அளவு.

அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும் என்று நானும் யோசித்திருக்கிறேன். சரிதா அளவுக்குப் போட்ட அன்று காலையில் ஒரே மடக்கில் குடித்துவிட்டு டம்ளரையே கொஞ்ச நேரம் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் இருக்கா?" என்றார். நாக்கு கண்டுபிடித்திருக்கும், மனசு ஒத்துக்கொண்டிருக்காது. அது அவருக்கும் அவர் நாக்குக்கும் உள்ள விவகாரம். நான் அதில் தலையிடவில்லை.

அன்று சிவப்பு எரிந்தது. வண்டியில் ஏறி யாரையாவது இடித்துவிட்டால் என்ன ஆகும் என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. அதற்குத்தானே கேட்டில் மெஷின் வைத்திருக்கிறார்கள், அதைத் தாண்டி விடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். நல்ல வேலைக்காரர் என்பதால் எச்சரித்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து, "சத்தியமா நான் குடிக்கல சந்திரா" என்றார். குடித்த காலமெல்லாம் வீட்டு வாசலில் நின்று சொன்ன அதே வார்த்தை, அதே குரல். அண்ணன் நம்பவில்லை. வேம்பு அக்கா கதவைச் சாத்திக்கொண்டார். இவர் உங்களிடம் ஓடிவந்தார். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "உண்மைய ஒத்துக்க கலைவாணா. ஒத்துக்கிட்டாத்தான் மொதல்லேருந்து ஆரம்பிக்க முடியும்." அன்பாகத்தான் சொன்னீர்கள்.

உங்கள் பேச்சுக்குக் கட்டுப்பட்டு, கூட்டத்தில் எழுந்து நின்று, குடிக்காத குடியைக் குடித்தேன் என்று ஒத்துக்கொண்டார். நீங்கள் மறுபடியும் கைதட்டினீர்கள். அந்தக் கைதட்டல் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் நான் அதோடு விட்டிருப்பேனோ என்னவோ.

அதற்குப் பிறகு அவருக்கு அவர் மேலேயே பயம் வந்துவிட்டது. உள்ளங்கையில் ஊதி ஊதி மோந்து பார்ப்பார். "நான் தூக்கத்துல எழுந்து எங்கனா போறேனா சந்திரா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லையே என்றேன். படுத்தபின் கதவைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொள்ளச் சொன்னார். அப்படியே செய்தேன். காலையில் நானே பூட்டைத் திறந்து, காபியைக் குலுக்கி, நுரையோடு கொடுத்து வேலைக்கு அனுப்பினேன். பூட்டின வீட்டிலிருந்து போன மனுஷனுக்கும் கேட்டில் சிவப்புதான் எரிந்தது. வேலை போய்விட்டது. அன்று அவர் வீட்டுக்கு வரவில்லை, நேராகச் சாராயக்கடைக்குப் போனார். குடிக்காமலே குடிகாரன் என்றால் குடித்துவிட்டே இருக்கலாம் என்று தோன்றியிருக்கும். அங்கே நான் ஊற்றிக் கொடுக்கவில்லை, சார். அதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

இப்போது வேம்பு அக்கா ரசம் கொண்டு வருகிறார். அண்ணன் வந்து என் தலையைத் தடவிவிட்டுப் போகிறார். என் வீட்டுக்காரருக்குக் கண் மஞ்சளாகிவிட்டது. ஈரல் வீங்கியிருக்கிறது, இனி ஒரு சொட்டு உள்ளே போனாலும் ஆள் தேறமாட்டார் என்று டாக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். கால் நடுங்குவதால் அவரால் கடைக்குப் போக முடிவதில்லை.

நான் மனசாட்சி இல்லாதவள் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே வோட்கா பாட்டிலை எடுத்து அவர் முன்னால் வைத்து, நான்தான் கலந்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். இப்போது உங்களிடம் சொன்னதுபோலவே வரிசையாகச் சொன்னேன். அவர் என்ன செய்தார் தெரியுமா? கட்டிலிலிருந்து இறங்கி என் காலைப் பிடித்துக்கொண்டார். "எம் பழிய நீ ஏத்துக்கிறியா சந்திரா, நான் செஞ்சதுக்கு நீ பழி சொமக்கிறியா" என்று தேம்பித் தேம்பி அழுதார். அண்ணனைக் கூப்பிட்டு அதைச் சொன்னார். அண்ணன் தெருவுக்கே சொன்னார். என் பொய்யை வாங்கிக்கொண்டதுபோல என் உண்மையையும் அவரே வாங்கிக்கொண்டார்.

நீங்களும் அப்படித்தான் பார்க்கிறீர்கள். "ரொம்ப நொந்து போயிருக்கீங்கம்மா, கொஞ்சம் படுத்து எழுந்திரிங்க" என்கிறீர்கள். சரி, சார். கேட்டீர்கள், சொன்னேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

இருங்கள், எழுந்துவிட்டார் போலிருக்கிறது. காபி கேட்கிறார். டிகாஷன் காலையிலேயே இறக்கி ஃபிரிட்ஜில் வைத்தாயிற்று, அந்தப் பாட்டில் அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது. என் கையால் குலுக்கிக் கொடுத்தால்தான் அவருக்கு நடுக்கம் நிற்கிறது. கழுவி, துடைத்து, வாயில் ஊட்டி, எல்லாம் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இந்த நிலைமையில் வேறு எவளாக இருந்தாலும் விட்டுவிட்டுப் போயிருப்பாள்.