வேனுக்குள் ஓடும் ஃபேன்

எடமலைப்பட்டி புதூர் பேட்டரிக் கடையில் என் ஸ்கூட்டருக்காகக் காத்திருந்தேன். எனக்கு முன்பே பெரியவர் ஒருவர், உள்ளே கட்டில் போட்ட வேனைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்.

"ஒரு மாசத்துல மூணு தடவை சார்ஜ் இறங்கிடுச்சு தம்பி. ஃபியூஸ், வயர் எல்லாம் பார்த்தாச்சு" என்று கடைக்காரரிடம் சொன்னார்.

"பேட்டரி நல்லாத்தாங்க இருக்கு. வண்டி நிக்கிறப்ப உள்ள ஏதாச்சும் ஓடுதா?"

"கட்டிலுக்கு மேல ஃபேன் மட்டும் ஓடும். ராவும் பகலும்."

"உள்ள யாருங்க படுத்திருக்காங்க?"

"எங்க வீட்டம்மா படுத்திருந்தா. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வர அவளுக்காகத்தான் கட்டிலே போட்டேன். ஃபேனை நிறுத்துனா உடனே முழிச்சுக்குவா."

"இப்ப எப்படி இருக்காங்க?"

"போன மாசம் தவறிட்டா."

கடைக்காரர் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"ஃபேன் வயரைக் கழட்டி விட்டுடட்டுங்களா?"

"வேணாம் தம்பி. இதைவிடப் பெரிய பேட்டரியா ஒண்ணு போட்டுடுங்க."