தெளியுற வரைக்கும்

இல்ல மாமி, மருமக வந்துட்டான்னு காப்பி போட ஓடாதீங்க. மீன் வச்சிருக்க ஐஸ் பெட்டியில இந்த பாட்டில மட்டும் கொஞ்சம் வையுங்க. வெள்ளையா இருக்கே, சுண்ணாம்புத் தண்ணியாவா? நல்லா கேட்டீங்க. காலேஜ் லேப்புல நான் செஞ்சது. உங்க மகன் பக்கத்து மேசையில இருந்து தெனமும் பாத்தானே, ஷாம் ஒண்ணும் சொல்லலியா? எப்படிச் சொல்லுவான்.

இறால் ஓட்டுல இருந்து எடுத்த சத்துல, மாங்கன்னுக்கு ஒட்டு கட்டுத மாதிரி, வேறொரு பாலிமர கிளை கிளையா ஒட்ட வச்சிருக்கேன். குளுந்த தண்ணியில கரைஞ்சு தெளிவா கெடக்கும். முப்பத்திரெண்டு டிகிரி தாண்டுனா இப்படி வெளுத்துரும். கெட்டுப்போறதில்ல மாமி. திரும்பக் குளுந்தா திரும்பத் தெளியும். அதோட குணமே அதுதான். புண்ணுல ஊத்துனா உடம்புச் சூட்டுக்கு இறுகி, உள்ள இருக்க மருந்தப் பிடிச்சு வச்சுக்கிடும்.

போன மாசம் மருந்துக் கம்பெனிக்காரங்க இதப் பாக்க வந்தாங்க. அன்னைக்குன்னு பாத்து கரண்ட் இல்ல, ஏசி ஓடல. அறை வெப்பத்துல தெளிவா இருக்கும்னு எங்க சார் புக்குல உள்ளத அப்படியே அளந்து விடுதாரு. புக்கு எழுதுனவன் ஊரு அறை வேற, மே மாசத்துத் தூத்துக்குடி அறை வேறல்லா? பாட்டில் வெள்ளையா நிக்கி. ஐஸ்ல வைங்க சார், தெளிஞ்சிரும்னேன். அவரு என்னய பாக்கவே இல்ல. ஏம்ப்பா ஷாம், கெட்டுப்போச்சான்னு உங்க மகன்ட்ட கேட்டாரு.

ஆமா சார், டெல்பின் சரியா செய்யலன்னான். வாய் கூசாம சொன்னான் மாமி. எல்லாம் தெரிஞ்சவன். என் கண்ணு முன்னால சார் அவ்வளவையும் வாஷ்பேசின்ல ஊத்திட்டாரு. வீட்டு ஃபிரிட்ஜுல மிச்சம் வச்சிருந்தது இது ஒண்ணுதான்.

அதோட என்னய எடுத்துட்டு அந்த வேலையில அவனப் போட்டாச்சு. அடுத்த வாரம் சென்னை மாநாட்டுல இதே சரக்க, என் செய்முறையிலயே திரும்பச் செஞ்சு, அவன் பேருல காட்டப் போறான். கேட்டா, ஏளா, கல்யாணம் ஆனா உன்னுது என்னுதுன்னு இருக்கான்னு சிரிக்கான்.

வேண்டாம் மாமி, அவன மன்னிப்புக் கேக்கச் சொல்லாதீங்க. நீங்க ஏன் அழுவுதீங்க? உங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல.

எடுங்க பாப்போம். ஆங், தெளிஞ்சிட்டு. இவ்வளவுதான் மாமி. இத அன்னைக்கு அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

பெட்டிய மூடிருங்க, ஐஸ் கரையுது. அந்தப் பையில நிச்சயத்துக்கு நீங்க எடுத்துக் குடுத்த சேலையும் மோதிரமும் இருக்கு. கோயில்ல ரெண்டு ஞாயிறு பூசையில எங்க பேரச் சேத்து கல்யாண ஓலை வாசிச்சாங்கல்லா? நாளைக்கு மூணாவது ஓலை வாசிக்க வேண்டாம்னு ஃபாதர்ட்ட சொல்லிட்டுத்தான் இங்கன வாரேன்.