மீன்கொத்தி யாருக்கு?

அப்பா: ...பக்கம் அமைக்கற நம்ம சாஃப்ட்வேர யாரு வேணா எடுத்துக்கட்டும். மாத்தட்டும், விக்கட்டும். நம்ம அச்சகத்து மீன்கொத்தி லோகோவ மட்டும் தொடக் கூடாது. லைசென்ஸ்ல எழுதிட்டியா?

மகள்: எழுதிட்டேன்ப்பா. வாசிக்கறேன். ‘மாற்றம் செய்யாத பிரதியில் மட்டுமே இந்த லோகோவைப் பயன்படுத்தலாம். மாற்றியவர்கள் அதை நீக்கிவிட வேண்டும்.’

அப்பா: ம்... இத மொதல்லயே எழுதியிருந்தா, எவனோ கெடுத்து வச்சதுக்கு எனக்குப் போன் வருமா? ‘உங்க சாஃப்ட்வேர் பக்கத்தோட கடைசி வரிய முழுங்குதுங்க’ன்னு...

மகள்: தப்பு என்னுதுதான். லோகோ படத்தையும் அதே ஃபோல்டர்ல போட்டுட்டேன். லைசென்ஸ் அந்த ஃபோல்டர்ல இருக்கற எல்லாத்துக்கும்தானே...

அப்பா: வீட்டத் தானம் குடுக்கலாம். குடும்பப் பேரையுமா சேத்துக் குடுப்பாங்க?

மகள்: சரி, சரி... இன்னும் ஒரே ஒரு வரி. ‘எழுத்து மூலம் அனுமதி பெற்றவர்கள் மாற்றிய பிரதியிலும் வைத்துக்கொள்ளலாம்.’

அப்பா: அது எதுக்கு?

மகள்: நல்லா மாத்தறவங்களும் இருக்காங்கப்பா. ஒருத்தர், கண்ணு சரியாத் தெரியாதவங்களுக்காக, பக்கத்த வாசிச்சுக் காட்டற மாதிரி பண்ணியிருக்கார். மீன்கொத்திய எடுக்க அவருக்கு மனசு வரலயாம்.

அப்பா: யாரது?

மகள்: யாரோ... வெளியூர்க்காரர்.

அப்பா: பேரு கெடயாதா அவருக்கு?

மகள்: இருக்கும். இந்த வரிய வைக்கவா, வேணாமா?

அப்பா: வை. கூடவே, ‘அனுமதியை அச்சகத்துக்கு நேரில் வந்து பெற வேண்டும்’னு சேத்துக்க.

மகள்: நேர்லயா? எந்தெந்த நாட்டுலயோ இருக்காங்கப்பா. ஈமெயில் போதும். இதப் படிச்சா சிரிப்பாங்க.

அப்பா: சிரிக்கட்டும். கேக்கறவன் மூஞ்சிய நான் பாக்கணும்.

மகள்: இதுக்குன்னு யாருப்பா கெளம்பி வருவா?

அப்பா: வேணும்னா வரட்டும்.

மகள்: அவருக்கு... உங்க முன்னாடி வந்து நிக்கத் தைரியம் வரணுமே.

அப்பா: முன்னப் பின்ன தெரியாதவருக்கு எங்கிட்ட என்ன பயம்?

மகள்: சரிப்பா, ‘நேரில் வந்து’ன்னே சேத்துட்டேன்.

அப்பா: எனக்குக் கண்ணு மங்கிடுச்சும்மா, உங்கிட்டச் சொல்லல. அந்த வாசிக்கற பிரதிய வச்சுத்தான் இப்போ புரூஃப் பாக்கறேன். சண்டை போட்டுட்டுப் போன உங்கண்ணன் குரல்லதான் அது எனக்கு வாசிக்குது. நேர்ல வரணும்ங்கற அந்த வரிய மாத்தாம அப்படியே வெளியிடு.