நெவ் ஹார்டிகனின் நல்ல தூக்கம்

நீங்கள் தேநீரைத் தொடவே இல்லை. அதில் பால் மட்டும்தான் கலந்திருக்கிறேன். உங்கள் மருந்துக் கட்டுப்பாட்டு இலாகாவிடம் என்னைப் போட்டுக்கொடுத்தது யார் என்று கேட்கமாட்டேன். நெவ்வின் மனைவி கிளெனிஸாகத்தான் இருக்கும். அவன் இறுதிச் சடங்கில் அவள் என் கையைக் குலுக்கிய விதமே சரியில்லை.

விதிகளை நான் படித்திருக்கிறேன். கஞ்சா எண்ணெயையோ, அங்கீகாரமில்லாத வேறு மருந்தையோ பொதுமக்களிடம் விளம்பரம் செய்யக்கூடாது. குணமானவரைக் காட்டிச் சாட்சியம் சொல்வதும் கூடாது. அதனால்தான், தக்காளிக்குப் பின்னால் வளர்த்த செடியிலிருந்து நான் காய்ச்சிய எண்ணெய்ப் புட்டிகளில் ஓர் எழுத்துகூடக் கிடையாது. முழங்கால் வலிக்காரன் நெவ் ஹார்டிகன் அதைக் குடித்துவிட்டு, நாங்கள் பந்து உருட்டி விளையாடும் பௌல்ஸ் கிளப் புல்வெளியில் கைத்தடி இல்லாமல் நடந்தான். நடப்பது விளம்பரமாகாது.

"லெஸ், எண்ணெய்தான் வேலை செய்யுதே. இந்த நெஞ்சு மாத்திரைய விட்டுடட்டுமாடா?" என்று ஒருநாள் கேட்டான்.

"நான் வைத்தியம் சொன்னா உள்ள தள்ளிடுவாங்கடா."

"சொல்லாமலே சொல்லிட்டியே, கிழட்டு நரி!" என்று சிரித்தான். மாத்திரையை விட்டுவிட்டான்.

அந்தச் சனிக்கிழமை கிளப்பில் சீட்டுக் குலுக்கல்; பரிசு, தட்டு நிறைய இறைச்சி. பக்கத்து ஊரிலிருந்து இரண்டு வேன் நிறைய முழங்கால் வலிக்காரர்கள் வந்திருந்தார்கள், நெவ் நடப்பதைப் பார்க்க. குலுக்கலுக்குமுன் அவன் என் சட்டையைப் பிடித்தான்.

"நெஞ்சு இறுக்குதுடா. ஆம்புலன்ஸக் கூப்பிடு."

அவனை வராந்தா நாற்காலியில் உட்காரவைத்தேன். வெயில் படாமல் தொப்பியை முகத்தின்மேல் இழுத்துவிட்டேன். ஆம்புலன்ஸ் சைரன் ஊதிக்கொண்டு வரும். அப்படி ஊரைக் கூட்டுவது உங்கள் விதிகளுக்கே பிடிக்காது.

ஒரு பெண்மணி சந்தேகமாகப் பார்த்தாள். "அவருக்கு என்னங்க?"

"தூங்குறான்மா. முன்னெல்லாம் வலியில விடிய விடிய முழிச்சிருப்பான்."

குலுக்கல் முடிய நாற்பது நிமிடம் ஆனது. முதல் பரிசு நெவ்வின் சீட்டுக்கே விழுந்தது. அவனை எழுப்பவேண்டாமென்று நானே போய் வாங்கிவந்து, ஆட்டு இறைச்சியை அவன் மடியில் வைத்தேன். அவன் கையும் அதுவும் ஒரே குளிர்ச்சியாக இருந்தன. வேன்கள் கிளம்பியபிறகு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

அன்று பதினொரு பேர் புட்டி கேட்டார்கள். எண்ணெயைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. அந்தப் பெண்மணியிடம் சொன்னது மட்டும்தான் இப்போதும் மனதை உறுத்துகிறது. அதைச் சாட்சியம் என்று எடுத்துக்கொள்வீர்களோ?